தீட்டுக்காரர்களின் ரத்தம்

தள்ளி உட்காராதீங்க அக்கா. நான் கடிக்க மாட்டேன். கடிப்பேன்தான், ஆனால் சொந்தக்காரங்களை மட்டும். அந்த செக்யூரிட்டியிடம் நான் கத்தியதைப் பார்த்துப் பயந்துவிட்டீங்க போல. பின்னே என்ன? நோயாளியோடு ஒருத்தர்தான் உள்ளே போக வேண்டுமாம். அந்த ஒருத்தராக அவள் அப்பா, என் மாமா, போய்விட்டார். இந்த ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுவந்தது யார்? நான். நான் வெளியே, அவர் உள்ளே. அந்தச் செக்யூரிட்டியின் தொப்பியைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். அடிக்கவில்லை. தொப்பியைத் தட்டினால் அடித்ததாக ஆகுமா?

உள்ளே இருக்கிறது தனபாக்கியம். தனம். எனக்கு அத்தை மகள், மதினி. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கே பரவியிருக்கிறதா இல்லையா என்று இன்றைக்குச் சொல்வார்கள். பரவாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வாள். பரவியிருந்தால் எங்கள் அப்பா கதைதான். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? வீட்டுக்காரருக்கா? சரி. அழாதீங்க. அழுதால் எனக்குப் பிடிக்காது, எரிச்சல் வரும். நான் பேசுகிறேன், நீங்க கேளுங்க. எனக்கும் நேரம் போக வேண்டும்.

என் பேர் காளீஸ்வரி. விருதுநகர். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்காதீங்க, எல்லாரும் அதையே கேட்கிறார்கள். பிடிக்கவில்லை, நின்றேன். எங்கள் பரோட்டாக் கடையில் மாவு அடிக்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து போட்ட கடை. மாவு அடிக்கிறது லேசு இல்லை அக்கா. தூக்கி வீசி கல்லில் அறைய வேண்டும். இந்தத் தோளைத் தொட்டுப் பாருங்க. பயப்படாதீங்க, தொடுங்க. ம். ஆம்பளைத் தோள் மாதிரி இருக்கும்.

அப்பா பீடி தொட்டதில்லை. சிகரெட் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட மாட்டார். அவருக்கு இருமல் வந்தபோது அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதம் மிளகுக் கஷாயம் குடித்தார். இடுப்பு வலி வந்தபோது நின்றுகொண்டே வேலை பார்க்கிற வலி என்றார். இங்கே கொண்டுவந்து படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும் போய்விட்டது. நுரையீரல் கேன்சர்.

அதுக்கப்புறம் ஊர் வாயை மூடவே முடியவில்லை. "தெரியாம குடிச்சிருப்பாருடி." "கடைக்குப் பின்னாடி போய் ஊதியிருப்பாரு." எதிர்வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கே வந்து, எங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டே சொல்கிறாள். கையில் இருந்த டம்ளரை எடுத்து எறிந்தேன். புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. அப்பா கட்டிலில் படுத்தபடி, "ஏன் தாயி இப்படிப் பண்ற?" என்றார். அவருக்கு யாரையும் அடிக்கத் தெரியாது. பரோட்டா மாவைத் தவிர.

ஒருநாள் இங்கே ஒரு டாக்டரம்மா வந்தார்கள். இதோ இந்த எதிர் ரூம்தான். குட்டையாக இருப்பார்கள், கண்ணாடி போட்டிருப்பார்கள். பரம்பரையாக வருகிற நோய்க்கு அவர்கள்தான். அப்பாவின் கட்டியில் ஒரு மாற்றம் இருக்கிறதாம். வழக்கமாக அது கட்டியில் மட்டும்தான் இருக்குமாம். அப்பாவுக்கு அது ரத்தத்திலும் இருக்கிறதாம். "அப்படின்னா இது பிறக்கும்போதே வந்தது. இவரோட அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வந்திருக்கணும். இவர்கூடப் பிறந்தவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. இருந்தா நோய் கட்டாயம் வரும்னு அர்த்தமில்லை. மத்தவங்களைவிட வாய்ப்பு கூட. முன்னாடியே தெரிஞ்சா சின்னதா இருக்கும்போதே பிடிச்சிரலாம். ரத்த சொந்தத்தை எல்லாம் ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

இதை அவர்கள் சொன்னது பெரியப்பாவிடம். வெள்ளைச்சாமி. எங்கள் குடும்பத்தில் மூத்தவர். அவர்தான் எல்லாவற்றையும் முடிவு பண்ணுவார், அவர் கைதான் எல்லார் கன்னத்திலும் இறங்கும்.

பெரியப்பா வேன் பிடித்து கூட்டிவந்தார் அக்கா. ஒரு வேன் நிறைய ஆட்கள். புளியோதரை கட்டி, தண்ணீர் கேன் வைத்து, மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பின மாதிரி. யார் யார் தெரியுமா? பெரியப்பா, பெரியம்மா, எங்கள் அம்மா, பெரியப்பா மகன்கள், அவர்களின் பொண்டாட்டிகள், சாத்தூரில் இருந்து தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பி பேரன் ஒருத்தன். அவனை நான் அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறேன்.

டாக்டரம்மா ஒரு தாளில் கட்டமும் வட்டமுமாகப் போட ஆரம்பித்தார்கள். ஆம்பளை என்றால் கட்டம், பொம்பளை என்றால் வட்டம். பாதியிலே பேனாவை வைத்துவிட்டார்கள்.

"ஐயா, மருமகளுங்க ரத்தம் வேண்டாங்க. அவங்க வேற குடும்பத்துல இருந்து வந்தவங்க."

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "வேற குடும்பமா? இந்த வீட்டுல ஒருத்தர் செத்தா பதினாறு நாள் எனக்குத் தீட்டு. கோயிலுக்குப் போக மாட்டேன், தலையில எண்ண வைக்க மாட்டேன். தீட்டு இருக்கு, ரத்தம் இல்லையா? நல்லாருக்கே ஒங்க படிப்பு!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெரியப்பா ஆள் சேர்த்தது தீட்டுக் கணக்கில். யாருக்குத் தீட்டு உண்டோ அவர்கள் எல்லாம் ரத்த சொந்தம். வேனில் ஏற்று. யாருக்குத் தீட்டு இல்லையோ அவர்கள் அந்நியம். நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"இவருக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

"கெடையாது" என்றார் பெரியப்பா. கண்ணைச் சிமிட்டாமல்.

"இறந்துபோனவங்க?"

"யாரும் கெடையாதும்மா. நாங்க அண்ணந்தம்பி ரெண்டே பேரு."

நான் சும்மா இருப்பேனா? "எங்களுக்கு ஒரு அத்தை இருந்தாக. பொன்னுத்தாய். அருப்புக்கோட்டையில கட்டிக் குடுத்தது. இருமி இருமியே செத்தாக, நாப்பது வயசுல. டிபின்னு மாத்திரை குடுத்தாக, கேக்கல" என்று சொன்னேன்.

சொல்லி முடிக்கவில்லை, பளார் என்று விழுந்தது. டாக்டரம்மா முன்னாலேயே. "கட்டிக் குடுத்தவ அந்த வீட்டுக்காரிடி! அவளுக்கும் நமக்கும் என்ன?" என்றார். அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன். தோல் கிழிந்தது. அவர் என் முடியைப் பிடித்தார். நான் விடவில்லை. பெரியம்மா என் முதுகில் குத்தினாள். நாற்காலி விழுந்தது. டாக்டரம்மா சுவரோடு சுவராக நின்றுகொண்டு, "அந்தப் பொண்ணை விடுங்க, அது சொல்றதுதான் எனக்கு முக்கியம்" என்று கத்தினார்கள். அன்றைக்கு எல்லாரும் ரத்தம் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

காளீஸ்வரி என்று கூப்பிடுகிறார்களா? எனக்குக் கேட்கவில்லை. மதுரையில் எத்தனையோ காளீஸ்வரி இருப்பாள். இருக்கட்டும்.

அத்தை விஷயத்தைச் சொல்ல வேண்டும். அத்தை செத்தபோது நான் சின்னப்பிள்ளை. பொம்பளை செத்தால் பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை கொண்டுபோய் மேலே போட வேண்டும் இல்லையா? போட்டால்தான் தூக்குவார்கள். எங்கள் பெரியப்பா கோடி கொண்டுபோகவில்லை. உருட்டுக்கட்டை கொண்டுபோனார். மாமா பீடி குடிப்பார். "எந் தங்கச்சிய ஊதி ஊதியே கொன்னுட்டேல்ல" என்று பாடைக்குப் பக்கத்தில் வைத்தே மாமாவின் தாடையை உடைத்தார். மாமா கையை ஓங்கவே இல்லையாம். அத்தை கோடி இல்லாமலே போனது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அப்பா மட்டும் யாருக்கும் தெரியாமல் தீபாவளிக்குத் தீபாவளி போய் அத்தை பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். அதுதான் தனம்.

வேனில் போய் வந்த பத்துப் பதினைந்து நாளில் அப்பா போய்விட்டார்.

அதைச் சொல்ல மாட்டேன். எப்படிப் போனார் என்று கேட்காதீங்க.

வீட்டு முன்னால் கிடத்தியிருந்தார்கள். மத்தியானம், நல்ல வெயில். மாமா வந்தார், தனம் மதினி வந்தாள், ஒன்றாவது படிக்கிற பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் வீட்டுக்காரர் துபாயில். கூட்டம் விலகி வழி விட்டது. மாமா அப்பா தலைமாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, சட்டைப் பையில் கையை விட்டு, தீப்பெட்டி எடுத்து உரசினார்.

என் அப்பா அங்கே நுரையீரல் அழுகிச் செத்துக் கிடக்கிறார். இந்தாள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிறார். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. எழுந்துபோய் வாயிலேயே குத்தினேன். முன்பல் ஒன்று உள்ளே போய்விட்டது. அதைப் பார்த்துப் பெரியப்பா ஓடிவந்து மாமாவின் இடுப்பில் மிதித்தார். பிறகு அவர் மகன்கள். யார் யாரோ. செருப்பு, குடை, கையில் கிடைத்ததெல்லாம். அப்பா பாடு பாவம், நடுவில் கிடந்தார்.

மாமா கையில் இருந்தது ஊதுபத்தி அக்கா. பீடி இல்லை. தலைமாட்டில் கொளுத்தி வைக்க எடுத்திருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? தீப்பெட்டி உரசுகிற ஆள் எதற்கு உரசுகிறார் என்று கேட்டுவிட்டா குத்த முடியும்?

தனம் மதினி, "அய்யோ எங்கப்பா, எங்கப்பா" என்று கத்தினாள். கத்தும்போதே இருமல் வந்துவிட்டது. குனிந்து கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காய்ந்த இருமல். சளியே வராது, நெஞ்சைச் சுரண்டுகிற மாதிரி, நிறுத்தவே முடியாத மாதிரி. அந்த இருமல் எனக்குத் தெரியும். ராத்திரி பகல் ஒரு வருஷம் என் பக்கத்துக் கட்டிலில் கேட்ட இருமல்.

தீட்டு கழிகிற வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது என்றார் பெரியப்பா. மறுநாளே தாண்டினேன்.

அருப்புக்கோட்டையில் மாமாவுக்குச் சைக்கிள் கடை. வீடும் கடையும் ஒன்றுதான். நான் போய் நின்றபோது வாய் வீங்கிப்போய், ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காற்றடிக்கிற பம்பைக் கையில் எடுத்தார்.

"மதினியக் கூப்பிடுங்க. அவளுக்கு இருக்கிறது சளி இல்ல. ஒடனே மதுரைக்குப் போய் ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றேன்.

"எம் பல்ல ஒடச்ச வாய்ப்புண்ணு ஆறல. எம் மகளக் கேட்டு வந்திருக்கியா?"

உள்ளே இருந்து தனம் மதினியே வந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்கம்மா செத்தப்ப ஒரு கோடி போட ஒங்க வீட்டுல ஆள் இல்ல. இப்ப என் ரத்தத்தக் கேட்டு வந்திருக்கியா காளி?"

டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இது பிறக்கும்போதே ரத்தத்தில் வருவது, எங்கள் அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கும் இருந்திருக்க வேண்டும், மதினிக்கும் வந்திருக்கலாம், கட்டிக் கொடுத்தவள் கொடுக்காதவள் என்று அது பார்க்காது.

மாமா பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப எம் பீடியால இல்லையா?"

"என்ன?"

"பொன்னுத்தாயி. எம் பீடியால சாகலையா? அவள எரிச்ச அன்னைக்கே பீடிய விட்டேன். இன்னைக்கு வரைக்கும் தொடல. நாந்தான் கொன்னேன்னு நெனச்சுத்தான ஒங்க பெரியப்பன்ட்ட வாங்கின அடியெல்லாம் வாங்கினேன்? நீ குத்தினதையும் அப்படித்தான வாங்கினேன்?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், "இல்ல மாமா, ஒங்களால இல்ல" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. டாக்டரம்மா சொன்னது என்னவோ அதைத்தான் சொன்னேன். "ரத்தத்துல இருந்தது பெரிய காரணமா இருக்கலாம். ஆனா இருக்கிறவங்க பக்கத்துல பொகையும் சேந்தா இன்னும் மோசமாம். அதனால ஒங்க பீடியும் கொஞ்சம் சேந்திருக்கலாம் மாமா. சேராமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது."

பம்பால் அடித்தார். இதோ, இந்த விலாவில். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதுக்கு மதினி நடுவில் வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னதற்கு அடி. ஆனால் அவர் அழுதுகொண்டே அடித்தார், அதனால் நான் திருப்பி அடிக்கவில்லை. அழுகிறவர்களை அடிக்க எனக்கு வராது.

அப்புறம் பம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். "வெள்ளச்சாமியப் பாக்கணும்" என்றார். அவர் பின்னால் மதினி, மதினி பின்னால் நான். விருதுநகர் பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து போனோம்.

கடையில் மத்தியானக் கூட்டம். தீட்டு என்று என்னை வீட்டுக்குள் பூட்டின ஆள் கடையைத் திறந்து பரோட்டாக் கல் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார் பாருங்க. வியாபாரத்துக்குத் தீட்டு இல்லையாம். மாமா நேராகப் போய்க் கல்லாப் பெட்டி மேல் பம்பால் ஓர் அடி. சால்னா வாளி உருண்டது.

"ஏ வெள்ளச்சாமி! ஒங்க வீட்டுச் சீக்க எந்தலையில கட்டிவிட்டுட்டு, என்னையவா ஊரெல்லாம் கொலகாரன்ன?"

"எங்க வீட்டுல சீக்கு கெடையாதுடா! எங்கப்பன் எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு!"

"ஒந் தம்பி எதுல செத்தான்? ஒந் தங்கச்சி எதுல செத்தா?"

"அவ எந் தங்கச்சி இல்ல, ஒம் பொண்டாட்டி! ஒஞ்சோத்தத் தின்னவ!"

"ரத்தம் ஒங்க ரத்தம்டா!"

"குடுத்ததுக்கு அப்புறம் என்னடா எங்க ரத்தம்? செத்தா எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டில்ல, தலைக்கு ஒரு முழுக்கு. அம்புட்டுத்தான்!"

ஒருத்தர் பரோட்டாவைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். இரண்டு பேரும் அழுக்குத் துணியைத் தூக்கிப் போடுகிற மாதிரி அத்தையை இவர் அங்கே எறிகிறார், அவர் இங்கே எறிகிறார். தனம் மதினி கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டே சொன்னார், "இந்தா நிக்கிறாளே, இவ செத்தாலும் அதே முழுக்குதான்."

நான் குத்தினேன். மாவு அடிக்கிற கை அக்கா. மூக்கு உடைந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது. எனக்கும் கையில் இரண்டு எலும்பு போச்சு, அதுதான் இந்தக் கட்டு. அவர் கரண்டியைத் தூக்கினார், சூடான கரண்டி. மாமா அவர் கழுத்தைப் பிடித்தார். மூன்று பேரும் மேஜைக்கு அடியில் உருண்டோம். யார் யாரை அடிக்கிறோம் என்றே தெரியவில்லை. ஒரு கட்டத்தில் நான் மாமாவைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மதினி இல்லை.

வெளியே ஓடினேன். மெயின் ரோட்டில் மதுரை பஸ் நின்றது, ஏறிக்கொண்டிருந்தாள். தனியாக. பின்னாலேயே தொற்றி ஏறினேன். மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருமங்கலம் தாண்டினபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒங்களுக்கெல்லாம் கையத் தவிர வேற எதுவுமே கெடையாதாடி?"

பெரியப்பாவையும் மாமாவையும் நினைத்துக் கேட்டாள். எனக்கு என்ன, நான் குத்தியதால்தானே அவள் கிளம்பினாள்? குத்தாமல் நின்றிருந்தால் இன்றைக்கும் அருப்புக்கோட்டையில் இருமிக்கொண்டு இருந்திருப்பாள். இதை நான் எத்தனை தடவை சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

பெரியம்மா என்னை, "நீ அப்படியே ஒம் பெரியப்பன்டி, உரிச்சு வச்சிருக்க" என்கிறாள். எனக்கும் அவருக்கும் என்ன பொருத்தம்? அவருக்குக் கோபம் வந்தால் உடனே கையை நீட்டுவார். நான் அப்படி இல்லை. காரணம் இருந்தால்தான் அடிப்பேன்.

இங்கே வந்தபிறகு மளமளவென்று நடந்தது. படம் எடுத்தார்கள். வலது பக்கம் ஒரு கட்டி, சின்னது. எலுமிச்சங்காய் அளவுகூட இல்லை. ரத்தத்திலும் அந்த மாற்றம் இருக்கிறது. அப்பாவிடம் இருந்த அதேதான். அத்தையின் கட்டத்தை, இல்லை வட்டத்தை, டாக்டரம்மா கறுப்பாக அடித்தார்கள். பாதிப்பு இருந்தவர்களை அப்படித்தான் குறிப்பார்களாம். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மாமா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெலிந்த ஆள், ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் என்னிடம் சண்டை போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

பெரியப்பாவுக்கும் ரத்தத்தில் இருக்கிறதாம். சொன்னபோது அவர், "மெஷின் தப்பு" என்றார். மூக்கில் பிளாஸ்திரியோடு.

என்ன, மறுபடியும் கூப்பிடுகிறார்களா? ஆமாம், என்னைத்தான். அந்த எதிர் ரூம்தான். காலையில் இருந்து கூப்பிடுகிறார்கள். எனக்கு ரத்தம் எடுக்க வேண்டுமாம். தனம் மதினிதான் பேரைக் கொடுத்திருக்கிறாள், என்னைக் கேட்காமலே.

எனக்கு எதுக்கு? என் மூஞ்சியைப் பாருங்க. அம்மா சாடை. மூக்கு, நிறம், முடி, எல்லாம் அம்மா. அப்பாவிடம் இருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை. சாடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். சொல்வார்கள். எனக்குப் பதினேழு வயது. மாவு வீசினால் எதிர்ச் சுவரில் போய் ஒட்டும். இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பயமா? எனக்கா? ஊசிக்கா? இந்தக் கை எலும்பைச் சேர்த்துக் கட்டும்போது நான் கத்தவே இல்லை, கேட்டுப் பாருங்க.

பயம் இல்லை அக்கா. எப்படிச் சொல்ல? பெரியப்பா என்றால் முகம் இருக்கிறது, குத்தலாம். எதிர்வீட்டுக்காரிக்கு புருவம் இருக்கிறது. இது உள்ளே எங்கேயோ உட்கார்ந்திருக்கும். இருக்கிறது என்று தெரிந்தபிறகு நான் அதை என்ன செய்ய முடியும்? தெரியாமல் இருந்தால் சும்மா கல்லில் மாவை அடித்துக்கொண்டு இருப்பேன். அவ்வளவுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீங்க.

கதவு திறக்குது. வந்துவிட்டாள். இருங்க. இருங்க.

"மதினி! என்ன சொன்னாக? ஏன் மாமா அழுறாரு? சொல்லித் தொலைங்க!"

"கத்தாத. பரவலையாம்."

"நெறிக்கட்டி?"

"எல்லாம் சுத்தமாம். மாத்திர எழுதிக் குடுத்திருக்காக. மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து பாக்கணுமாம்."

அக்கா, கேட்டீங்களா? பரவவில்லை! பரவவே இல்லை! ஏ செக்யூரிட்டி அண்ணே, பரவலையாம்! முறைக்காதீங்க, தொப்பிக்கு வேணும்னா புதுசு வாங்கித் தர்றேன்! மாமா, இங்க வாங்க, அடிக்க மாட்டேன், வாங்க. ஒங்க பல்லுக்கு நான் பணம் தர்றேன். அழாதீங்க. ஏன் எல்லாரும் அழுறீங்க? எனக்குப் பிடிக்காது.

"காளி. நீ ரத்தம் குடுத்தியா?"

"குடுத்துட்டேன் மதினி. அப்பவே."

"எந்தக் கையில?"

"எதுவோ ஒரு கை. விடுங்க, டீ குடிக்கப் போவோம்."

அக்கா, நீங்க ஏன் இல்லைன்னு தலையை ஆட்டுறீங்க? அவளைப் பார்த்து எதுக்கு ஆட்டுறீங்க? நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்டீங்களே, அதுக்கு இதுதானா? உங்களை யாராவது கேட்டாங்களா?

"அவங்களத் திட்டாத. எந்திரி."

"முடியாது."

"நாலு எட்டு நடந்தாலே எனக்கு மூச்சு முட்டுதுடி. இங்கயே நிக்க வைக்காத. எந்திரி காளி."

"இருந்துட்டா?"

"இருந்தா எங்கூட சேந்து ஒவ்வொரு தடவையும் இந்த பெஞ்சுல உக்காரு. இல்லேன்னாலும் வந்து உக்காரு, எனக்குத் தொணைக்கு."

சரி. வர்றேன். இழுக்காதீங்க, நானே நடப்பேன். எல்லாரும் பாக்குறாங்க, கையை விடுங்க மதினி.

விடச் சொன்னா ஒடனே விட்ருவீங்களா? பிடிங்க.